சந்தேகத்துக்கு சர்வர் தேவையில்லை

1

‘சர்வர் டவுன்’ என்பது இன்றைக்கு ஒரு தமிழ்ச் சொல். ரேஷன் கடை, இ-சேவை மையம், பத்திரப் பதிவு அலுவலகம், வங்கி என்று பெரம்பலூரிலும் அரியலூரிலும் எந்த வரிசையில் போய் நின்றாலும் இந்தச் சொல்லைக் கேட்காமல் அந்த மாதம் கழியாது. ‘சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வா’ என்று சொல்லும்போது அந்தக் குரலில் கோபமோ வருத்தமோ இருப்பதில்லை. மழை பெய்யவில்லை என்பதைப் போன்ற ஒரு செய்தி, அவ்வளவுதான். அந்த வாக்கியத்துக்கு எழுவாய் இருக்கிறது, வினைமுதல் இல்லை. செய்தவர் யார், செய்யத் தவறியவர் யார் என்று கேட்க முடியாதபடி அது கட்டப்பட்டிருக்கிறது.

இந்தச் சொல் அண்மை ஆண்டுகளில் விமான நிலையங்களிலும் அடிக்கடி கேட்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ரயில் நிலையம்கூட இல்லாத பெரம்பலூரில் உட்கார்ந்துகொண்டு விமான நிலையத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அரியலூர்ப் பக்கம் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல்லும், மேலே சிமெண்ட் ஆலைகளும் இருந்தும் கட்டடவேலைக்குக் கடல் கடந்து போகிறார்கள். திருச்சி விமான நிலையம் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் ஒரு பேருந்து நிலையத்தைப் போலத்தான். அங்கே நடப்பது நம் ஊர்ச் செய்தி.

விமான நிலையத்தின் கணினிகள் நின்றுபோகும்போது எது நிற்கிறது, எது நிற்பதில்லை? யாருடைய வேலை மட்டும் எப்படியாவது நடந்துவிடுகிறது, யாரை ‘நாளைக்கு வா’ என்கிறார்கள்? இதைப் பிரித்துப் பார்த்தால் அதிகாரம் யாரை நம்புகிறது, அந்த நம்பிக்கையை எங்கே வைத்திருக்கிறது என்பது தெரிய வரும்.

2

முதலில் விமான நிலையத்தின் அமைப்பைப் புரிந்துகொள்வோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கட்டடம். திருச்சியின் புதிய முனையத்தைப் பிரதமர் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைத்தார், அதே ஆண்டு ஜூன் 11 முதல் அது செயல்படத் தொடங்கியது. ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகள், நெரிசல் நேரத்தில் சுமார் 3,500 பேர் என்று கணக்கிட்டுக் கட்டியது. கோபுரமும் கோலமும் வரைந்த சுவர்களுக்கு உள்ளே இருப்பவை ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் உடையவர் வேறு.

வாசலில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை ஜவான் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்க்கிறார். அடுத்து விமானக் கம்பெனியின் கவுண்டர்: பெட்டியை எடைபோட்டு போர்டிங் பாஸ் கொடுப்பது அவர்களுடைய கணினி, அதன் மூளை வேறு கண்டத்தில்கூட இருக்கலாம். மூன்றாவது இமிக்ரேஷன், உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. பாஸ்போர்ட் எண்ணை மையப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை குத்துவார்கள். நான்காவதுதான் நாம் ‘செக்கிங்’ என்று சொல்லும் பாதுகாப்புச் சோதனை. எக்ஸ்ரே, உலோகம் கண்டறியும் கதவு, பிறகு கையால் தடவிப் பார்ப்பது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய ஐசி 814 விமானம் கடத்தப்பட்டதைத் தொடர்ந்து, 2000-ஆம் ஆண்டிலிருந்து இந்த வேலை படிப்படியாக மாநிலப் போலீசிடமிருந்து மத்தியப் படையின் கைக்கு மாறியது. ஐந்தாவது, விமானத்தில் ஏறும் வாயில். அது மறுபடியும் கம்பெனியுடையது.

இந்த ஐந்து கதவுகளிலும் நடப்பவை இரண்டே வேலைகள். ‘இவன் யார்?’ என்பது ஒன்று. ‘இவனிடம் என்ன இருக்கிறது?’ என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் உங்கள் உடம்பில் இல்லை. எங்கேயோ ஒரு பதிவேட்டில், எப்போதோ யாரோ ஏற்றிவைத்த தகவலில் இருக்கிறது. அதோடு தொடர்பு அறுந்தால் நீங்கள் நீங்கள் என்பதைச் சொல்ல ஆள் இல்லை. இரண்டாவது கேள்விக்கு உங்கள் உடம்பும் பெட்டியும் எதிரில் இருந்தாலே போதும். எக்ஸ்ரே இயந்திரம் உங்கள் பெயரைக் கேட்பதில்லை. அதற்கு மின்சாரம் இருந்தால் போதும். மின்சாரமும் போய்விட்டால் பெட்டியைத் திறந்து கையால் கிளறிப் பார்க்கலாம். தடவிப் பார்ப்பதற்குக் கை போதும்.

ஆக, சந்தேகம் உள்ளூரிலேயே உற்பத்தியாகிறது, கைவசம் எப்போதும் இருப்பு உண்டு. நம்பிக்கை தொலைவிலிருந்து, கம்பி வழியாக வர வேண்டும். கம்பி அறுந்தால் நம்பிக்கை நிற்கும், சந்தேகம் நிற்காது. முடக்கம் என்று நாம் சொல்லும் சம்பவங்களை இந்த வேறுபாட்டோடு திரும்பிப் பார்க்க வேண்டும்.

3

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கக் கம்பெனி, கணினிகளைத் தாக்குதலிலிருந்து காக்கும் தன்னுடைய மென்பொருளுக்கு ஒரு சிறு திருத்தக் கோப்பை உலகம் முழுக்க அனுப்பியது. இந்திய நேரப்படி காலை 9.39. கோப்பில் பிழை இருந்தது. 10.57-க்கு, அதாவது 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குள் விண்டோஸில் ஓடும் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றுவிட்டன. சுமார் 85 லட்சம் கணினிகள் என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. காவலுக்கு வைத்தவனே வாசலில் படுத்துவிட்ட கதை. எந்த எதிரியும் வரவில்லை.

இந்திய விமான நிலையங்களில் அன்று நின்றது நாம் சொன்ன இரண்டாவது கதவும் ஐந்தாவது கதவும். இண்டிகோ, ஆகாசா, ஸ்பைஸ்ஜெட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஆகிய கம்பெனிகளின் கணினிகள் முடங்கின. சென்னை, டெல்லி, ஹைதராபாத் என்று எல்லா இடத்திலும் வரிசை நீண்டது. இண்டிகோ மட்டும் கிட்டத்தட்ட 200 விமானங்களை ரத்து செய்தது. அப்புறம் என்ன செய்தார்கள்? பேனாவை எடுத்தார்கள். பெயர், விமான எண், இருக்கை எண் எல்லாம் கையால் எழுதிய போர்டிங் பாஸ்களின் படங்கள் அன்று நாடு முழுக்கச் சுற்றின. கணினிகளைச் சரிசெய்ததும் பெரும்பாலும் கைவேலைதான்: ஒவ்வொரு கணினியையும் தனித்தனியாகத் திறந்து, பிழையான கோப்பைத் தேடி அழிக்க வேண்டியிருந்தது. மறுநாள் அதிகாலை 3 மணியிலிருந்து விமானக் கம்பெனிகளின் அமைப்புகள் வழக்கத்துக்குத் திரும்பின என்று விமானப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார்.

இதற்கு இரண்டு மாதம் முன்பு, 2024 மே 7 இரவு, பிரிட்டனில் வேறொரு கதவு நின்றது. ஹீத்ரோ, காட்விக் உட்பட நாடெங்கும் பாஸ்போர்ட்டை வைத்தால் முகத்தை ஒப்பிட்டுத் தானே திறக்கும் இ-கேட் கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் முடங்கின. 2023 மே மாதக் கடைசியிலும் இதே போல நடந்திருந்தது. பயணிகள் மணிக்கணக்கில் நின்றார்கள், அதிகாரிகள் ஒவ்வொரு பாஸ்போர்ட்டாகக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். அப்போது பிரிட்டிஷ் உள்துறை தந்த விளக்கத்தின் சாரம், எந்த நேரத்திலும் எல்லைப் பாதுகாப்புக்குக் குந்தகம் வரவில்லை என்பது. ஆறுதல் சொல்வதாக நினைத்து அவர்கள் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். தடுக்கும் வேலை ஒரு நிமிடமும் நிற்கவில்லை. விடும் வேலைதான் நின்றது.

அமெரிக்காவில் 2019 ஆகஸ்ட் 16 அன்று சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் கணினிகள் சில மணி நேரம் நின்றபோதும், 2025 செப்டம்பரில் காலின்ஸ் ஏரோஸ்பேஸ் என்ற கம்பெனியின் மென்பொருள் தாக்கப்பட்டு ஹீத்ரோ, பிரஸ்ஸல்ஸ், பெர்லின் விமான நிலையங்களில் செக்-இன் முடங்கியபோதும் இதுவேதான் நடந்தது. இயந்திரம் நின்றது, வரிசை வளர்ந்தது, பேனா வெளியே வந்தது.

4

இப்போது ‘நம்பிக்கைக்குரிய பயணி’ விஷயத்துக்கு வருவோம்.

அமெரிக்கா 2008-இல் குளோபல் என்ட்ரி என்ற ஒன்றைத் தொடங்கியது. முன்கூட்டியே விண்ணப்பித்து, பணம் கட்டி, பின்னணி விசாரணைக்கு உட்பட்டு, கைரேகை கொடுத்தால் உங்களை ‘ஆபத்துக் குறைந்தவர்’ பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். விமான நிலையத்தில் நீங்கள் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இந்தியாவில் இதன் பெயர் ‘விரைவுக் குடிநுழைவு - நம்பிக்கைக்குரிய பயணி திட்டம்’. உள்துறை அமைச்சர் 2024 ஜூன் 22 அன்று டெல்லியில் தொடங்கிவைத்தார். 2025 ஜனவரி 16 அன்று சென்னை உள்ளிட்ட ஏழு விமான நிலையங்களுக்கு நீட்டித்தார்கள். 2025 செப்டம்பர் 11 அன்று திருச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, லக்னோ, அமிர்தசரஸ் ஆகிய ஐந்தும் சேர்ந்தன. இந்தியக் குடிமக்களும் வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை வைத்திருப்பவர்களும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். சரிபார்ப்பு முடிந்தபின் கைரேகையும் முகப்படமும் கொடுக்க வேண்டும். ஐந்தாண்டு அல்லது பாஸ்போர்ட் காலாவதியாகும் நாள், இரண்டில் எது முந்தியதோ அதுவரை செல்லும். இ-கேட்டில் 30 விநாடியில் இமிக்ரேஷன் முடியும் என்பது அரசின் விளம்பரம்.

உள்நாட்டுப் பயணிகளுக்கு இதன் தம்பி டிஜி யாத்ரா, 2022 டிசம்பர் 1 அன்று தொடங்கியது. முகமே போர்டிங் பாஸ். இதை நடத்தும் டிஜி யாத்ரா அறக்கட்டளை அரசுத் துறை அல்ல. 2019-இல் அதை உருவாக்கியபோது விமான நிலையங்களின் ஆணையத்துக்கு 26 சதவீதமும், மீதி 74 சதவீதம் ஐந்து விமான நிலையக் கம்பெனிகளுக்குமாகப் பங்கு பிரிந்தது. 2024 வசந்தத்தில் அதுவும் ஒரு முடக்கத்தைக் கண்டது. பழைய செயலியை நீக்கிவிட்டுப் புதியதை இறக்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். பழைய செயலியில் நம்பிக்கைக்குரியவராக இருந்தவர் புதியதில் மறுபடியும் பெயர் பதிந்து நம்பிக்கைக்குரியவராக வேண்டியிருந்தது.

ஒருவரை ‘நம்பிக்கைக்குரியவர்’ என்று அழைக்கிற அதே கணத்தில் வரிசையில் நிற்கிற மற்றவர்கள் எல்லாரும் என்ன ஆகிறார்கள்? சட்டத்தில் அவர்களுக்கு எந்தப் பெயரும் இல்லை, ஆனால் கட்டடத்தில் இருக்கிறது. அவர்கள் நிற்க வேண்டியவர்கள். இந்தத் திட்டம் வருவதற்கு முன்பு எல்லாரும் சமமாகச் சந்தேகிக்கப்பட்டார்கள். திட்டம் வந்தபின் சந்தேகம் கீழே தங்குகிறது, நம்பிக்கை மேலே ஏறுகிறது. நம்பிக்கை ஒரு பண்டமாகி, விண்ணப்பமும் மின்னஞ்சலும் ஆவணங்களும் உள்ளவர்களால் பெறத்தக்கதாகிறது.

இன்னொரு பக்கத்தில் இதே திருச்சி கவுண்டரில் வேறொரு இணையச் சேவை நின்றுகொண்டிருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி ‘அனுமதி தேவை’ என்ற வகையில் வரும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா முதலிய பட்டியலிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியை ‘இ-மைக்ரேட்’ தளம் வழியாகப் பெற வேண்டும். இவர்களைக் குறிக்கும் சொல்லில் ‘நம்பிக்கை’ கிடையாது, ‘பாதுகாப்பு’ இருக்கிறது. ஏஜெண்டுகளின் மோசடியிலிருந்து காப்பாற்றத்தான் இந்தச் சட்டம், அது தேவையும்கூட. ஆனாலும் பாருங்கள்: ஒருவருக்கு இணையப் பதிவு கதவைத் திறக்கும் சாவி, இன்னொருவருக்கு அதுவே பூட்டு. முதலாமவருடைய சர்வர் நின்றால் 30 விநாடி 30 நிமிடமாகும், அவ்வளவுதான். இரண்டாமவருடையது நின்றால் பயணமே நிற்கும். அமீரகத்துக்கு வேலைக்கான நுழைவு அனுமதி பொதுவாக 60 நாளுக்குத்தான். ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் வட்டிக்கு வாங்கியது.

தெல்யூஸ் 1990-இல் ‘கட்டுப்பாட்டுச் சமூகங்கள்’ குறித்து எழுதிய சிறிய கட்டுரையில் நண்பர் குவத்தாரியின் ஒரு கற்பனையைச் சொல்கிறார். ஒரு நகரத்தில் ஒவ்வொருவரும் மின்னணு அட்டை ஒன்றால் தடைகளைத் திறந்து வீட்டுக்கும் தெருவுக்கும் போய் வரலாம், ஆனால் குறிப்பிட்ட ஒரு நாளில் அல்லது நேரத்தில் அந்த அட்டை செல்லாமல் போகலாம். முக்கியமானது தடை அல்ல, ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்று கணக்கு வைக்கும் கணினிதான் என்பது அவர் வாதம். அன்று அது கற்பனை, இன்று திருச்சியில் இ-கேட். தெல்யூஸ் பேசாத ஒன்றை நாம் சேர்க்க வேண்டியிருக்கிறது. அட்டையை யாரும் வேண்டுமென்றே ரத்து செய்யாமலே அது செல்லாமல் போகலாம். கணினி சும்மா நின்றுபோகலாம். அப்போது அதிகாரம் தன் நோக்கத்தைக் காட்டாமலே தன் விளைவை நிகழ்த்திவிடுகிறது. யாரைக் குற்றம் சொல்வது?

5

இதெல்லாம் கணினி வந்தபின் வந்த கூத்து என்று நினைத்துவிட வேண்டாம். திருச்சிக்கு இதில் நூறாண்டுக்கு மேற்பட்ட முன்கதை உண்டு.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டுவதற்காகத் தோட்ட முதலாளிகளின் ‘இலங்கைத் தொழிலாளர் கமிஷன்’ 1904-இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு செயல்படத் தொடங்கியது. பெரம்பலூர், உடையார்பாளையம் உட்பட அன்றைய திருச்சி மாவட்டம் ஆள் பிடிக்கும் முக்கியமான களம். அந்தக் காலத்தில் ‘தகரத் துண்டு’ என்றொரு முறை இருந்தது. வட்டமான சிறு தகரத் தகட்டில் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். கழுத்தில் கயிற்றில் கட்டிக்கொண்டு போவார்கள். வழியில் இருக்கும் முகாம்களில் அதைக் காட்டினால் சோறும் பயணமும் கிடைக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும், பிறகு கங்காணி வழியாகத் தொழிலாளியின் கடனில் சேரும்.

அந்தத் தகரம் யாரை நம்பியது? கழுத்தில் கட்டியிருந்த ஆளை அல்ல. செலவை ஏற்றுக்கொள்ளும் தோட்டத்தை நம்பியது. துண்டு தொலைந்தால் ஆள் தொலைந்த மாதிரிதான், ஏனென்றால் அவர் யார் என்று சொல்ல அவர் வாய்க்கு அங்கே மதிப்பு இல்லை. இன்றைய பதிவும் அதே தர்க்கத்தில்தான் நடக்கிறது. பயணியின் பேச்சு சான்றாகாது, பயணியைப் பற்றி இயந்திரம் பேசுவதே சான்று. ‘சான்று’, ‘சான்றோர்’ என்ற சொற்கள் ஒரே அடியிலிருந்து வந்தவை என்று தமிழ் வகுப்பில் படித்திருப்போம். சான்று என்பது ஒரு காலத்தில் ஆளின் தகுதியோடு ஒட்டியிருந்தது. அதை ஆளிடமிருந்து கழற்றித் தகரத்திலும், பிறகு தாளிலும், இப்போது சர்வரிலும் மாட்டியிருக்கிறார்கள். தகரமாவது கழுத்தில் தொங்கியது. சர்வர் எங்கே தொங்குகிறது என்று நமக்குத் தெரியாது.

சந்தேகமோ அன்றுபோலவே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. திருச்சி விமான நிலையம் என்றால் பத்திரிகைகளுக்குத் தங்கம் பிடிபட்ட செய்தி, ‘குருவி’கள் பற்றிய செய்தி. கயிறு கட்டி, மார்க்கர் பேனாவில் ஊர்ப் பெயர் எழுதிய அட்டைப்பெட்டியோடு வருகிறவரைப் பார்க்கும் கண், சக்கரப் பெட்டியை இழுத்து வருபவரைப் பார்க்கும் கண்ணிலிருந்து வேறுபடுகிறது. இதற்கு எந்த மென்பொருளும் வேண்டியதில்லை.

6

பொறியாளர்களிடம் ஒரு பழைய பாகுபாடு உண்டு. மின்சாரம் போனால் தானே திறந்துகொள்ளும் கதவு ஒரு வகை. மின்சாரம் போனால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு இன்னொரு வகை. தீப்பிடித்தால் ஆள் வெளியே ஓட வேண்டிய இடத்தில் முதல் வகையைப் பொருத்துவார்கள். பணம் இருக்கும் அறைக்கு இரண்டாவது வகை. எந்தக் கதவு எந்த வகை என்பதை இயந்திரம் முடிவு செய்வதில்லை. உள்ளே இருப்பதில் எது பெறுமதியானது, ஆளா பொருளா என்று மனிதர்கள் முன்பே எடுத்த தீர்மானம் அது. பழுது வரும்போதுதான் அந்தத் தீர்மானம் வெளியே தெரிகிறது.

2024 ஜூலை 19 அன்று விமானக் கம்பெனிகளின் கதவு ஏறக்குறைய முதல் வகையாக நடந்துகொண்டது. கணினி நின்றவுடன் பேனாவால் எழுதி ஆளை ஏற்றினார்கள். மனிதாபிமானம் மட்டும் காரணம் அல்ல. டிக்கெட்டுக்குப் பணம் வாங்கியாயிற்று, விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம், பயணி புகார் செய்யத் தெரிந்தவர், படம் எடுத்துப் போடக்கூடியவர். மாற்று வழி இருந்தது, ஏனென்றால் மாற்று வழி இல்லாவிட்டால் கம்பெனிக்குச் செலவு.

இப்போது நம் ஊர்க் கதவுக்கு வாருங்கள். 2020 அக்டோபர் 1 முதல் தமிழக ரேஷன் கடைகளில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை பரவலாக வந்தது. வெங்காயம் அறுத்த கையிலும் பருத்தி எடுத்த கையிலும் சிமெண்ட் கலந்த கையிலும் ரேகை தேய்ந்திருக்கும். ‘ரேகை விழல’ என்பார்கள். ரேகை விழுந்தாலும் சர்வர் கிடைக்காது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரியே அரசுச் சேவைகளில் சரிபார்ப்பு வெற்றி 88 சதவீதம் என்று சொன்னார். மீதி 12 சதவீதம் என்பது ஒரு பிழைக் கணக்கு மட்டும்தானா? அது ஆட்கள் இல்லையா? 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில், ஆதார் இணைக்கவில்லை என்று குடும்ப அட்டை நீக்கப்பட்டு, 11 வயதுச் சிறுமி பசியில் இறந்ததாகத் தாய் சொன்னார். அரசு மறுத்தது. அங்கே கதவு இரண்டாவது வகை. உள்ளே இருந்த அரிசிதான் பெறுமதியானது.

நூறு நாள் வேலையிலும் 2023 ஜனவரி 1 முதல் ஒரு செயலியில் நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து வருகைப் பதிவு செய்வது கட்டாயமானது. சிக்னல் கிடைக்காத ஏரிக்கரையில் செய்த வேலை, படம் ஏறாவிட்டால் செய்யாத வேலை ஆகும். மண்வெட்டி பிடித்த கைக்குத் தான் வேலை செய்ததை நிரூபிக்க வேறு வழி இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, மாற்று வழி தொழில்நுட்பத்தால் சாத்தியமில்லை என்பது பொய். தமிழ்நாட்டில் மக்கள் கத்தியதாலும் அரசு கொஞ்சம் காது கொடுத்ததாலும் ரேகை விழாதவர்களுக்குக் கருவிழிப் பதிவு போன்ற வழிகள் வந்தன. வர முடியாத முதியோருக்காக வேறொருவர் வாங்க அங்கீகாரம் தரும் முறை இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 12 அன்று முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே பொருளைக் கொண்டுபோகும் ‘தாயுமானவர்’ திட்டம் தொடங்கியது. கதவை எந்த வகையாகச் செய்வது என்பது அரசியல் முடிவு, அந்த முடிவை மாற்ற முடியும் என்பதற்கு இவை சாட்சி.

விமான நிலையத்தில் இந்த அரசியல் இன்னும் தொடங்கவில்லை. கம்பெனியின் கணினி நின்று விமானம் ரத்தானால் பயணிக்குப் பணமோ மாற்று விமானமோ கிடைக்க விதி இருக்கிறது. அரசின் கணினி நின்று, இமிக்ரேஷன் வரிசை நகராமல், விமானம் கிளம்பிவிட்டால்? பொதுவாகக் கம்பெனியின் கணக்கில் அவர் ‘வராதவர்’. மூன்று மணி நேரம் முன்பே வந்து வரிசையில் நின்றவர் வராதவராகிறார். 2024 ஆகஸ்ட் 29 இரவிலிருந்து செப்டம்பர் 2 காலை வரை பாஸ்போர்ட் சேவைத் தளம் பராமரிப்புக்காக மூடப்படும் என்று வெளியுறவுத் துறை முன்கூட்டியே அறிவித்து, ஆகஸ்ட் 30-க்கு நேரம் வாங்கியவர்களுக்கு வேறு நாள் கொடுத்தது. அறிவித்து மூடுவது நாகரிகம்தான். வேறு நாள் என்பது எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை என்பதை அந்த அறிவிப்பு கணக்கில் எடுக்காது. பெரம்பலூர், அரியலூர் இரண்டும் திருச்சி மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லையில் வருபவை. ஒரு நாள் போய்வருவது என்றால் ஒரு நாள் கூலி போகிறது, பஸ் செலவு வேறு.

7

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இயந்திரம் வேண்டாம், மனிதரே பார்க்கட்டும் என்கிறீர்களா? மனித அதிகாரியின் கண் எப்படிப்பட்டது என்று தெரியாதா? சாதி, மதம், நிறம், உடை, பேச்சு எல்லாவற்றையும் அது எடைபோடும். வரிசையில் தாடி வைத்தவரை மட்டும் தனியே கூப்பிடுவது இயந்திரம் அல்லவே. இ-கேட் சாதி கேட்பதில்லை.

இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது, தள்ளிவிட முடியாது. அதிகாரியின் தயவைவிட விதிப்படி நடக்கும் இயந்திரம் மேல் என்று ஒடுக்கப்பட்டவர்கள் நினைப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஆனால் இயந்திரம் அந்தக் கண்ணை நீக்கவில்லை, ஒத்திப்போட்டிருக்கிறது. இ-கேட்டுக்குள் போக முடியாதவர்கள் அந்தக் கண்ணின் முன்புதான் நிற்கிறார்கள். இ-கேட் நின்றுபோன அன்று எல்லாருமே அந்தக் கண்ணின் முன்பு நிற்கிறார்கள். அன்று யார் சீக்கிரம் விடப்படுவார், யாருடைய பெட்டி திறக்கப்படும்? சட்டையும் ஆங்கிலமும் பேசும். ஆக, கேட்க வேண்டிய கேள்வி இயந்திரமா மனிதரா என்பது இல்லை. இரண்டும் தவறும்போது தவறின் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பதே கேள்வி.

அந்தச் சுமை இப்போது முழுக்க வரிசையில் நிற்பவர் தலையில் இருக்கிறது. அதை இறக்கிவைக்கச் சில எளிய காரியங்களைக் கேட்கலாம். செயல்படும் தோழர்கள் மனுவாகவே எழுதிக் கொடுக்கக்கூடியவைதான் இவை.

இணையச் சேவை எதைக் கட்டாயமாக்கினாலும், அது நின்றால் என்ன மாற்று என்பதை அதே ஆணையில் எழுத வேண்டும். மாற்று இல்லாத கட்டாயத்தை ஏற்க வேண்டியதில்லை.

‘சர்வர் டவுன்’ என்று வாயால் சொல்வது போதாது. தேதி, நேரம், அலுவலகத்தின் பெயர் போட்டு ஒரு சீட்டு தர வேண்டும். ரேஷன் கடையானாலும் இமிக்ரேஷன் கவுண்டரானாலும் அந்தச் சீட்டு இருந்தால்தான் அவர் வந்தார், நின்றார் என்பதற்குச் சான்று. மறுநாள் வரும்போது வரிசையில் முன்னிடமும், விமானம் தவறியவருக்கு வேறு டிக்கெட்டும் அதை வைத்துத்தான் கேட்க முடியும்.

அரசுக் கணினியின் முடக்கத்தால் பயணம் தவறினால் அதை ‘வராதவர்’ கணக்கில் சேர்க்கக்கூடாது. வேலைக்குப் போகிறவர்களின் அனுமதி நாட்கள் காலாவதியாகும் பட்சத்தில் தூதரகம் வழியே நீட்டிப்புக் கேட்கும் பொறுப்பு அரசுக்கு இருக்க வேண்டும்.

முடக்கங்களின் பதிவேடு பொதுவில் இருக்க வேண்டும். எந்தச் சேவை, எத்தனை மணி நேரம், எத்தனை பேர் திரும்பிப் போனார்கள். நம்முடைய வருகையையும் போக்கையும் விநாடிக் கணக்கில் பதிகிற அரசு தன்னுடைய வராமையையும் பதியட்டும்.

இவற்றில் கடைசியை நாமே தொடங்கலாம். லப்பைக்குடிக்காட்டிலிருந்தோ செந்துறையிலிருந்தோ போனவர்கள் எங்கே, எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினால் போதும். ஆண்டுக் கடைசியில் அந்த நோட்டை மாவட்ட ஆட்சியர் மேசையில் வைக்கலாம். சர்வர் இல்லாத நாளிலும் அதைப் புரட்டிப் படிக்க முடியும்.